ஹூக்ளிக் கரையில் இலத்தீன்

ஹவுரா நிலையத்தை விட்டு வெளியே வந்து பாலத்தை நோக்கி நிற்பவர் செவியில் முதற்கண் விழுவது நடத்துநர்களின் கூவலே. அவ்வொலிக்கு நடுவே நாள்தோறும் பல்லாயிரம் வாய்களில் இலத்தீன் சொல் ஒன்று வழங்குகிறது. ஏறுவோரும் அறியார், ஏற்றுவோரும் அறியார். 'பஸ்' என்பதே அச்சொல்.

முழுச்சொல் என்பதினும் சொல்லின் வால் என்பதே பொருந்தும். இலத்தீனில் 'ஓம்னிபுஸ்' என்றால் 'எல்லார்க்கும்' என்று பொருள். 'புஸ்' என்பது பன்மையில் வரும் நான்காம் வேற்றுமை உருபு. 1820களில் பிரெஞ்சு நாட்டில், காசு கொடுத்தால் எவரும் ஏறத்தக்க குதிரை வண்டிக்கு இப்பெயர் வழங்கலாயிற்று. பின்னர் ஆங்கிலேயர் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டனர். தமிழில் 'எல்லார்க்கும்' என்பதில் 'க்கும்' மட்டும் எஞ்சி, "க்கும் வந்துவிட்டது, ஏறுங்கள்" என்று நாம் கூறுவதை ஒக்கும் இது. நாமோ அதனோடும் அமையாமல் 'பஸ்களுக்கு' என்கிறோம். பன்மை நான்காம் வேற்றுமை உருபின்மேல் மீண்டும் ஒரு பன்மை, மீண்டும் ஒரு நான்காம் வேற்றுமை! உரையாசிரியர்கள் கண்டிருப்பின் இதற்கொரு தனிச் சூத்திரம் தேடியிருப்பர்.

பன்மையைப் பற்றிய இத்தகைய பூசல் ஆங்கிலம் கற்றோரிடையே நெடுங்காலமாக உண்டு. 'உஸ்' என்று முடியும் இலத்தீன் சொல் பன்மையில் 'இ' என்று முடியும் என்ற ஒரே விதியைக் கற்றுக்கொண்டு, கண்ட இடமெல்லாம் அதை ஏற்றிவிடுவோர் பலர். 'டெர்மினுஸ்' என்பது 'டெர்மினி' ஆகும், அது சரியே. ஆனால் 'கார்ப்புஸ்' என்பது 'கார்ப்பொரா' ஆகும்; 'கெனுஸ்' என்பது 'கெனெரா' ஆகும்; 'ஸ்டாட்டுஸ்' என்பது எழுத்தளவில் மாறாமல் உயிரொலி மட்டும் நீளும். நம் வீட்டுப் பிள்ளைகள் ஆண்டுதோறும் புலம்பும் 'சிலபஸ்' என்பதன் கதையோ இன்னும் விந்தையானது. சிசரோவின் மடல்களில் ஏட்டுச் சுருளின் பெயர்ச்சீட்டைக் குறித்து வந்த கிரேக்கச் சொல் ஒன்றைப் பதினைந்தாம் நூற்றாண்டுப் பதிப்பாளர் பிழைபட அச்சிட்டனர். அப்பிழையே ஒரு சொல்லாய் நிலைத்தது. ஆகவே 'சிலபி' என்று நுணுக்கமாகக் கூறித் தலைநிமிர்வோர், அச்சுப் பிழை ஒன்றின் பன்மையைத்தான் கூறுகின்றனர்.

பழைய மாணவர் சங்கங்களில் "நான் இப்பள்ளியின் அலும்னி" என்று ஒருவர் தம்மைக் குறிப்பதைக் கேட்டிருப்பீர்கள். அலும்னி என்பது பலர்பால். ஒருவன் அலும்னுஸ், ஒருத்தி அலும்னா, மகளிர் பலராயின் அலும்னாய். 'ஊட்டி வளர்க்கப்பட்டவர்' என்பது அதன் பொருள். ஒருவரே தம்மைப் பலராகக் கூறிக்கொள்வதைக் கண்டு நாம் நகைக்கலாம். ஆனால் நம் திருமண அழைப்பிதழ்களைச் சற்றே புரட்டிவிட்டு நகைப்பது நலம். 'அவன்' ஒருமை, 'அவர்' பன்மை, அது மதிப்பொருமையாகிவிடவே பன்மைக்கு 'அவர்கள்' வேண்டியதாயிற்று, பின்னர் அதுவும் ஒருவருக்கே உரிய மதிப்பாயிற்று. இன்று மாமாவின் பெயருக்குப்பின் இரட்டைப் பன்மை நிற்கிறது. மாமா மட்டும் ஒருவராகவே இருக்கிறார்.

தொல்காப்பியர் 'கள்' விகுதியை அஃறிணைக்கே கூறினார். அதுவும் வேண்டுமிடத்துக் கொள்ளலாம் என்ற அளவிலேயே. வள்ளுவரிடம் 'மற்றையவர்கள்', 'பூரியர்கள்' என அது உயர்திணையை எட்டிப் பார்க்கிறது. இன்றோ, 'நாள்கள்' என்பதே சரி, 'நாட்கள்' என்றால் நாட்பட்ட கள் என்று பொருள்படும் என ஒரு சாரார் வழக்காடுகின்றனர். 'வாழ்த்துக்கள்' என்று வல்லெழுத்து மிகுத்து எழுதினால் வாழ்த்தில் கள் கலந்துவிடும் என்று மற்றொரு சாரார் அஞ்சுகின்றனர். (மலர்க் குழுவினர் வாழ்த்துரைப் பக்கங்களை அச்சுக்கு அனுப்புமுன் இதனை நோக்குவாராக.) இலத்தீன் பண்டிதர்க்கு நாம் எவ்வகையிலும் இளைத்தவர் அல்லர்.

இந்நகைச்சுவைக்கு ஹவுராவில் வரலாற்று இடம் ஒன்று உண்டு. தாவரவியல் தோட்டத்தை அடுத்து, சிப்பூரில், இன்று இந்தியப் பொறியியல் அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் விளங்கும் வளாகமே அது. 1820ஆம் ஆண்டு அங்கே பிஷப் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. நாட்டியவர் கல்கத்தாவின் முதல் ஆங்கிலிக்கப் பேராயர் தாமஸ் மிடில்டன். இவர் எத்தகைய இலக்கண வித்தகர் எனின், கிரேக்க மொழியின் சுட்டிடைச்சொல் ஒன்றைப் பற்றியே முழுநூல் ஒன்றை 1808இல் வெளியிட்டவர். 'ஏ', 'ஓ' என்னும் இடைச்சொற்களுக்காக ஒருவர் தனிநூல் எழுதியதாக எண்ணிப் பாருங்கள்! அத்தகையவர் நிறுவிய கல்லூரியில் கிரேக்கமும் இலத்தீனும் தலைமை பெற்றதில் வியப்பில்லை. 1880இல் கல்லூரி இவ்விடம் விட்டுப் பெயர்ந்தது. அவ்வாண்டே அரசினர் பொறியியற் கல்லூரி இங்கே குடிபுகுந்தது.

அக்காலத்தில் இலத்தீன் கற்பதென்றால் மனப்பாடமே. பெயர்ச்சொல் ஒவ்வொன்றையும் ஆறு வேற்றுமையிலும் இரண்டு எண்ணிலும் அடுக்கி ஒப்புவிக்க வேண்டும். அவ்வடுக்கில் ஐந்து வகைகள் வேறு. சிறுவயதில் இவ்வாறு 'மென்சா' என்னும் சொல்லை ஒப்புவிக்கப் பணிக்கப்பட்ட வின்ஸ்டன் சர்ச்சில், 'மேசையே!' என்று விளிக்கும் வடிவம் எதற்கு என்று வினவினாராம். மேசையோடு பேசும்போது பயன்படும் என்றாராம் ஆசிரியர். நான் ஒருபோதும் மேசையோடு பேசுவதில்லையே என்ற சிறுவனுக்குத் தண்டனை பற்றிய எச்சரிக்கையே விடையாகக் கிடைத்தது. தமிழ்ப் பிள்ளைக்கு இந்த ஐயம் எழுந்திராது. விளிமரபுக்கெனத் தனி இயலே வைத்தது நம் இலக்கணம்; நெஞ்சையும் நிலவையும் நாரையையும் விளித்துப் பழகிய நமக்கு மேசை எம்மாத்திரம்!

சிப்பூரில் இப்பயிற்சி பெற்றவர்களுள் தலையாயவர் மைக்கேல் மதுசூதன தத்தர். 1843இல் கிறித்தவம் தழுவிய அவர், 1844 முதல் 1847 வரை பிஷப் கல்லூரியில் பயின்றார். அந்நாளில் ஆங்கிலக் கவிஞராவதே அவர் கனவு. தந்தையின் பொருளுதவி நின்றபின் அவர் சென்றது எங்கே? நம்மில் பலருடைய முன்னோர் எங்கிருந்து ஹவுராவுக்கு வந்தனரோ, அங்கே. 1848இன் தொடக்கத்தில் சென்னையை அடைந்து, அநாதைச் சிறுவர் காப்பகப் பள்ளியில் ஆசிரியரானார். 1856 வரை ஏறத்தாழ எட்டாண்டுகள் அங்கு வாழ்ந்தார்.

புலம்பெயர்ந்த குடும்பத்தார் கருதத்தக்க செய்தி இனித்தான் வருகிறது. சென்னையிலிருந்து தம் நண்பர் கௌர்தாஸ் பசாக்குக்கு எழுதிய மடல்களில், தாம் வங்காள மொழியை விரைவாக இழந்து வருவதாக மதுசூதனர் குறிப்பிட்டார். காசிராம்தாசரின் பாரதத்தையும் கிருத்திவாசரின் இராமாயணத்தையும் அனுப்புமாறு வேண்டினார். தாய்மொழி கேளாத ஊரில் அவருடைய நாவும் வறண்டுபோயிற்று. பெரும் புலவருக்கே இது நேர்ந்ததெனில், ஹவுராவின் தெருவில் வங்காளமும் பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் பேசி, இரவு உணவின்போது மட்டும் தமிழ் கேட்கும் நம் சிறுவர்களைக் கடிந்துகொள்வது எங்ஙனம்?

1849இல் அவருடைய ஆங்கிலக் காவியம் வெளிவந்தது. கல்கத்தாவில் அதனைக் கண்ட பெத்யூன், இவ்வாற்றலைத் தாய்மொழிக்கு அளித்தால் நன்று என்று அறிவுரைத்தார். அவ்வாண்டு மதுசூதனர் நண்பருக்கு எழுதிய மடல் ஒன்றில் தம் அன்றாடக் கால அட்டவணையைத் தருகிறார். காலை 6 முதல் 8 வரை எபிரேயம். 12 வரை பள்ளிப் பணி. 2 வரை கிரேக்கம். 5 வரை தெலுங்கும் வடமொழியும். 7 வரை இலத்தீன். 10 வரை ஆங்கிலம். முன்னோர் மொழியை அணிசெய்வதற்கான ஆயத்தம் இதுவன்றோ என்று வினவவும் செய்கிறார். தமிழுக்கு நாள்தோறும் பல மணி செலவிடுவதாகவும் அதே மடலில் கூறுகிறார். ஆனால் அட்டவணையில் தமிழைக் காணோம்! தெலுங்குக்குள் தமிழையும் அடக்கினாரோ, பள்ளி நேரத்தில் களவாகப் படித்தாரோ! தமிழன் என்ற முறையில் இக்கணக்கை நான் பலமுறை கூட்டிப் பார்த்துவிட்டேன், நேராகவில்லை.

அவ்வட்டவணையிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வங்காளத்துக்கு அதில் ஒரு நாழிகைகூட இல்லை. ஆயினும் அத்தனை மொழிகளும் வங்காளத்துக்காகவே கற்கப்பட்டன. பயன் 1861இல் மேகநாதவதமாகவும், 1862இல் வீராங்கனா காவியமாகவும் விளைந்தது. பின்னதற்கு முன்மாதிரி இலத்தீன் கவிஞர் ஓவிட், பழங்கதை மகளிர் தம் காதலர்க்கு எழுதுவதாகப் பாடிய மடல்கள். அவ்வச்சில் சகுந்தலை முதலான பதினொரு மகளிரின் மடல்களை மதுசூதனர் வங்காளத்தில் வார்த்தார். சிப்பூரில் ஒப்புவித்த வேற்றுமை அடுக்குகள் வீண்போகவில்லை.

அவர் சென்ற சென்னை நாட்டிலோ தமிழும் இலத்தீனும் அதற்கு முன்பே நூறாண்டுக்கு மேற்பட்ட பழக்கம் உடையன. சீகன்பால்கு இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று. வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கும் செந்தமிழுக்கும் தனித்தனியே இலத்தீனில் இலக்கணம் வகுத்தார். குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டவர்கள், சமயத்தில் அவரோடு ஓயாது முரணிய தரங்கம்பாடி லுத்தரன் சபையினரே. இலக்கணத்துக்குச் சபைப்பிணக்கு இல்லை போலும். இத்தகையோர்க்குப் பன்மை தந்த தொல்லை ஒன்றுண்டு. இலத்தீனில் தன்மைப் பன்மை 'நோஸ்' ஒன்றே. தமிழிலோ கேட்பவரையும் உட்படுத்தும் 'நாம்', அவரை விலக்கும் 'நாங்கள்' என இரண்டு. உரோமாபுரியின் பேரரசு அத்தனை பரந்திருந்தும், எதிரே நிற்பவன் உள்ளா, புறமா என்பதை ஒரு சொல்லால் கூற அதற்கு வழியில்லை. வங்காளத்தின் 'ஆம்ரா'வும் அவ்வாறே. அயலூரில் வாழ்வோர்க்கு இவ்வேறுபாடு எவ்வளவு இன்றியமையாதது என்பதைச் சங்கத்துப் பொதுக்குழுவில் அமர்ந்தவர் அறிவர்.

இலத்தீன் இன்றும் ஹவுராவில் அன்றாடம் பயிலும் இடம் ஒன்று உண்டெனில், அது 1787இல் தோற்றுவிக்கப்பட்ட தாவரவியல் தோட்டமே. அங்கே நம் முருங்கை 'மொரிங்கா' என்று உரோமானிய ஆடை உடுத்தி நிற்கிறது. மாவோ 'மாங்கிஃபெரா', 'மாங்காய் தாங்குவது' என்று பொருள். மர வகைகளில் 'ஃபைகஸ்' என்பது 'உஸ்' ஈற்றதாயினும் ஆண்பால் அன்று, பெண்பால். இலத்தீனில் மரப்பெயர்கள் பெரும்பாலும் பெண்பாலே. ஆகவே அரசமரம் 'ரெலிஜியோசுஸ்' ஆகாமல் 'ரெலிஜியோசா' ஆயிற்று. அரசு என்று நாம் அழைப்பது அங்கே அரசி.

ஆலமரமும் அவ்வினத்ததே. தோட்டத்துப் பேராலின் வயது 250 ஆண்டுகளுக்கு மேல். பூசண நோயால் கெட்ட அதன் அடிமரம் 1925இல் அகற்றப்பட்டுவிட்டது. இப்போது நிற்பவை மூவாயிரத்துக்கு மேற்பட்ட விழுதுகளே. சென்ற குளிர்காலத்தில் எங்கள் குடியிருப்புச் சிறுமி ஒருத்தியை அங்கே அழைத்துச் சென்றேன். சுற்றுவேலிக்கு வெளியே நின்று சற்றுநேரம் பார்த்துவிட்டு, "தாத்தா, இது மரமா, மரங்களா?" என்று கேட்டாள். பலகையில் பெயர் ஒருமையில் இருக்கிறது என்றேன். அவளுக்கு அது போதவில்லை; விழுதுகளை எண்ணத் தொடங்கினாள். இருபத்தொன்பது வரை தமிழில் எண்ணினாள். அதற்குமேல் வங்காளத்தில் எண்ணினாள்.