சர்க்கார் மில்லு

எங்கள் கோயமுத்தூரில் 'சர்க்கார் மில்லு வேலை' என்றால் ஒரு காலத்தில் யோசிக்காமல் பெண் கொடுப்பார்கள். என் அப்பா அப்படியொரு மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்தார். முதலாளி கையில் அது இருந்தபோது சம்பளத் தேதி என்று ஒன்று கிடையாதாம்.

1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கியது ஊரின் முதல் மில். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. லாபம் வந்தபோது அதை எடுத்து வேறு தொழிலில் போட்ட முதலாளிகள் உண்டு; இயந்திரம் தேய்ந்தபடியே ஓடியது. அறுபதுகளில் நாடெங்கும் மில்கள் படுத்தன. 1968-இல் தேசியப் பஞ்சாலைக் கழகம் பிறந்தது. 1974-இல் வந்த சட்டம் 103 நலிந்த ஆலைகளை நாட்டுடைமையாக்கியது. ஆலைகள் வில்லங்கமில்லாமல் அரசிடம் வந்தன. பழைய கடன்களில் பெரும்பகுதி பழைய முதலாளியின் பொறுப்பிலேயே நின்றது.

இதைவிட நல்ல தொடக்கம் எந்தத் தொழிலுக்குக் கிடைக்கும்? கிடைத்தும் கோட்டை விட்டார்கள். ஏழைகளுக்கான மலிவுவிலைத் துணியை நெய்யும் சுமை இந்த ஆலைகள் தலையில் ஏறியது. நல்ல காரியம்தான், நஷ்டத்துக்கு விற்றால் புது இயந்திரம் எங்கிருந்து வரும்? வேடிக்கை என்னவென்றால், 1962-இல் தொடங்கிய லட்சுமி மெஷின் வொர்க்ஸ் இதே ஊர்ப்பக்கம், பெரியநாயக்கன்பாளையத்தில் நவீன ஸ்பின்னிங் இயந்திரங்களைச் செய்துகொண்டிருந்தது. தனியார் மில்கள் அவற்றை வாங்கி முந்திப் போயின. தொண்ணூறுகளில், நலிந்த ஆலைகளைக் காப்பாற்றப் பிறந்த கழகத்தின் பெரும்பாலான துணை நிறுவனங்களே நலிந்தவை என்று அறிவிக்கப்பட்டன.

அன்று அரசு கைகொடுத்தது தப்பு என்று பொருளாதாரம் படித்த நண்பர்கள் சொல்வார்கள். நான் ஒப்பமாட்டேன். மூடியிருந்தால் எங்கள் தெருவில் பாதி வீட்டில் உலை ஏறியிருக்காது. ஆனால் சம்பளம் போட எடுத்த பணத்தில் ஒரு பங்கையாவது அப்போதே இயந்திரத்தில் போட்டிருக்க வேண்டும். அதற்கான பணம் கடைசியில் மில் நிலத்தை விற்றுத்தான் வந்தது. 2005-இல் கழகத்தின் மும்பை டெக்ஸ்டைல் மில்லின் நிலம் மட்டும் 702 கோடி ரூபாய்க்குப் போனது. நூல் நூற்றுச் சம்பாதிக்காததை மண் சம்பாதித்தது.

கோவையில் மிஞ்சிய பங்கஜா, கம்போடியா, முருகன், ரங்கவிலாஸ், ஸ்டேன்ஸ் ஆரம்பித்த அந்த முதல் மில் ஆகிய ஐந்தும் 2020 ஊரடங்கில் நின்றன. அதன் பிறகு தொழிலாளர்கள் முழுச் சம்பளம் கேட்டு கேட்டில் உட்கார்ந்தார்கள். கட்டடங்கள் நிற்கும் இடமெல்லாம் இப்போது நகரின் நடுப்பகுதி. சென்ட் விலையை விசாரிக்காத புரோக்கர் இல்லை.