தி.நகருக்கு அடியில் ஒரு ஏரி

இன்னைக்கு எபிசோட் ஒரு ஏரியைப் பற்றி. அந்த ஏரி இப்போ இல்ல. ஆனா தீபாவளிக்குத் துணி எடுக்க நாம எல்லாரும் அது மேலதான் நடந்து போறோம். ஆமா, தி.நகரைத்தான் சொல்றேன்.

நுங்கம்பாக்கத்துல 'டேங்க் பண்ட் ரோடு'ன்னு ஒரு சாலை இருக்கு. மேற்கு மாம்பலத்துல 'லேக் வியூ ரோடு' இருக்கு. அங்க நின்னு பார்த்தா ஏரியும் தெரியாது, கரையும் தெரியாது, அடுக்குமாடி வீடுகள்தான் தெரியும். இந்தப் பெயர்கள் சும்மா வந்ததில்ல. 1900-களின் தொடக்கத்தில் வந்த மெட்ராஸ் வரைபடத்தை எடுத்துப் பாருங்க. நகரத்தின் மேற்கு ஓரத்தில், நுங்கம்பாக்கத்தில் தொடங்கி தெற்கே சைதாப்பேட்டை பக்கம் வரை நீளமா ஒரு நீர்ப்பரப்பு இருக்கும். ஆங்கிலேயர்கள் அதை 'லாங் டேங்க்'ன்னு எழுதினாங்க. வடக்குப் பகுதிக்கு நுங்கம்பாக்கம் ஏரி, தெற்குப் பகுதிக்கு மயிலாப்பூர் ஏரின்னு பேர்.

ஒரு விஷயத்தை முதல்ல தெளிவுபடுத்திக்கலாம். நம்ம ஊர் ஏரிகளில் பெரும்பாலானவை இயற்கையா உருவானவை இல்ல, மனுஷங்க கட்டினவை. நிலம் சரியுற பக்கமா ஒரு கரை, தண்ணி திறந்துவிட மதகு, மிச்சம் வழிஞ்சு போக கலங்கல். ஒரு ஏரி நிரம்பினா அடுத்த ஏரிக்கு, கடைசியில ஆத்துக்கு. எங்க துறை பாஷையில சொன்னா இது ஒரு பஃபர். மூணு மாசத்துல கொட்டுற மழையைப் பிடிச்சு வச்சு, வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா விடுறது.

அப்போ அதை ஏன் உடைச்சாங்க? 1921 கணக்கெடுப்பில் மெட்ராஸின் மக்கள்தொகை சுமார் 5.27 லட்சம். இன்னைக்குப் பார்த்தா சின்ன எண்ணிக்கைதான். ஆனா ஜார்ஜ் டவுன் மாதிரி பகுதிகள்ல நெரிசல் அதிகம். 1920-ல் மெட்ராஸ் நகரமைப்புச் சட்டம் வந்தது. புதுக் குடியிருப்புக்கு நிலம் தேவை. 1923-ல் லாங் டேங்க்கின் தண்ணீரை வடியவிட்டு மாம்பலம் திட்டத்தைத் தொடங்கினாங்க. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் நினைவாக அந்தக் குடியிருப்புக்குத் தியாகராய நகர்னு பேர் வச்சாங்க. நடுவுல பனகல் பூங்கா, சுத்தி நேர் நேரா தெருக்கள். திட்டம் போட்டுக் கட்டின பேட்டை அது. வீடு கட்டினது தப்புன்னு நான் சொல்ல வரல. வர்ற மக்களுக்கு வீடு வேணும்.

என் கேள்வி வேற. ஒரு ஏரி எப்படி 'காலி இடம்' ஆச்சு?

அதுக்கு 1872-க்குப் போகணும். அந்த வருஷம்தான் கொசஸ்தலையாற்றுத் தண்ணி சோழவரம், செங்குன்றம் ஏரிகள் வழியா கீழ்ப்பாக்கத்துக்கு வந்து நகரத்துக்குக் கிடைக்க ஆரம்பிச்சது. 1914-ல் கீழ்ப்பாக்கத்தில் சுத்திகரிப்பு நிலையமும் வந்துடுச்சு. குழாயைத் திறந்தா தண்ணி. தூரத்து ஏரி குடிக்கத் தண்ணி தருது. பக்கத்து ஏரியை நம்பி இருந்த வயல்களோ கொஞ்சம் கொஞ்சமா மனைகளா மாறுது. அப்புறம் அந்த ஏரி யாரோட கணக்கிலயும் வராது. கொசு வளர்ற பள்ளமாத்தான் தெரியும். லாங் டேங்க்கை உடைச்சது 1923-ல்தான். ஆனா அதை நம்பி யாரும் இல்லாத நிலைமை அதுக்கு முன்னாடியே வந்துடுச்சுங்கிறதுதான் என் வாதம்.

'அந்தக் காலத்துல இதெல்லாம் யாருக்குத் தெரியும்'னு சிலர் கேட்கலாம். தெரிஞ்சவர் ஒருத்தர் இருந்தார். ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடஸ், நகரமைப்பு நிபுணர். கவர்னர் பென்ட்லண்ட் அழைப்பில் மெட்ராஸ் வந்து, 1915 ஜனவரியில் இங்கே நகரமைப்புக் கண்காட்சி நடத்தினார். மலேரியாவுக்குப் பயந்து குளங்களைத் தூர்க்காதீங்க, மீனும் வாத்தும் விட்டா கொசு குறையும்னு இந்திய ஊர்களைப் பற்றிய தன் அறிக்கைகளில் எழுதினவர். மாற்று யோசனை இருந்தது. எடுபடல.

அதுக்கப்புறம் எண்ணிக்கை ஏறுது. 1941-ல் 7.77 லட்சம். நகர எல்லையை விரிச்சதும் சேர்ந்து 1951-ல் 14.16 லட்சம். 2011-ல் 46 லட்சத்துக்கு மேல. கூடவே தண்ணிக்காக நகரம் போற தூரமும் ஏறுது. 1944-ல் பூண்டி. 1996-ல் ஆந்திராவிலிருந்து கிருஷ்ணா தண்ணி. 2004-ல் வீராணம், 200 கிலோமீட்டருக்கு மேல குழாய். அப்புறம் மீஞ்சூர், நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில். 50 வேகன், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு போடலாம். சென்னையில் வருஷத்துக்குச் சராசரியா 1,400 மில்லிமீட்டர் மழை பெய்யுது. லண்டனில் பெய்யுறதைவிட ரெண்டு மடங்குக்கு மேல. ஒரு கிரவுண்டுன்னா 2,400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர். அந்த ஒரு மனை மேல மட்டும் வருஷத்துக்கு விழுற தண்ணி சுமார் 3.1 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரின்னா 26 லாரி. எல்லாத்தையும் பிடிக்க முடியாது, சரிதான். ஆனா வானத்திலிருந்து தண்ணி வராம இல்ல, அதை நிறுத்தி வைக்கத்தான் இடம் இல்ல.

இடத்தை நாம மறந்தாலும் தண்ணி மறக்காது. 2021 நவம்பர் மழையில் தி.நகர்த் தெருக்கள் நாள்கணக்கா முழங்கால் அளவு தண்ணியில் நின்னது ஞாபகம் இருக்கும். பழைய ஏரி இருந்த தாழ்வான நிலம் அது. அந்தத் தண்ணி அடையாறு போய்ச் சேர இன்னைக்கு இருக்கிற முக்கிய வழி, கட்டடங்களுக்கு நடுவில் நெருங்கி ஓடும் மாம்பலம் கால்வாய்.

சரி, இதெல்லாம் நூறு வருஷத்துக் கதைன்னு விட்டுட முடியுமா? நானும் என்னை மாதிரி ஆயிரக்கணக்கான பேரும் சம்பளம் வாங்குற ஓஎம்ஆர் பக்கம் பாருங்க. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் பெரும்பகுதி சாலையாகவும் குப்பைமேடாகவும் கட்டடங்களாகவும் மாறிப்போச்சு. மிச்சம் இருக்கிறது 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 1923-ல் எடுத்த அதே முடிவை நம்ம தலைமுறையும் எடுத்திருக்கு. ஏரின்னுகூடச் சொல்லல, 'பயன்படாத நிலம்'னு சொல்லிட்டோம்.

இதோட விலையை எல்லாரும் ஒரே மாதிரி கொடுக்கிறதில்ல. 2019-ல் அடுக்குமாடிக்காரங்க காசு கொடுத்து லாரி வரவழைச்சாங்க. போர்வெல்லும் சம்ப்பும் இல்லாதவங்க கலர் கலரா பிளாஸ்டிக் குடத்தை வரிசையில வச்சுட்டு, வேலைக்குப் போகாம காத்திருந்தாங்க.

மக்கள்தொகை கூடுறதை மட்டும் குறை சொன்னா, புதுசா ஊருக்கு வர்றவங்க மேல பழி போடுறதா ஆயிடும். 1923-ல் கேட்காம விட்ட கேள்வி இதுதான்: இந்த ஏரி போனா, அது செஞ்ச வேலையை இனி எது செய்யும்? ஒவ்வொரு லேஅவுட்டுக்கும் அனுமதி கொடுக்கிறதுக்கு முன்னாடி இந்தக் கேள்விக்கு எழுத்துல பதில் வாங்கினாலே பாதி ஏரிகள் தப்பிச்சுடும்.

உங்க ஊர்ல ஏரி, குளம், தாங்கல், கரைன்னு பேர் வச்ச தெரு இருந்தா, அந்தத் தண்ணி இப்போ எங்க இருக்குன்னு ஒரு தடவை தேடிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.