மணி மண்டபங்களும் மண் பாதைகளும்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்குப் பூசை முடிந்த பின்னரே திருமலை நாயக்கர் (1623–1659) மதுரையில் உணவருந்துவார் என்பது செவிவழிச் செய்தி. பூசை முடிந்ததும் முதல் மண்டபத்தில் மணி ஒலிக்கும். அது கேட்டு அடுத்த மண்டபத்து மணி ஒலிக்கும். இவ்வாறே சுமார் 75 கிலோமீட்டர் கடந்து ஓசை மதுரையை எட்டுமாம். கதை எப்படியாயினும் மண்டபங்கள் மெய். சில இன்றும் நிற்கின்றன. பழைய பெருவழிக்குச் சாட்சி அவையே.

இன்று திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியே கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில் மணி அடித்தாலும் கேளாது. ஆனால் சாலையை விட்டு விலகினால் கண்மாய்க் கரைகளும் வண்டிப்பாதைகளும் எதிர்ப்படும். மாட்டுவண்டிக்கென அமைந்த அத்தடங்கள் மிதிவண்டிக்கும் போதுமானவை. மேற்கே மலைக்காட்டுக்குள் மட்டும் நுழையலாகாது; 1988இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாகவும், 2021இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட பகுதி அது.

இத்தாலியின் டஸ்கனிப் பகுதியிலும் பழைய வெண்சரளைச் சாலைகள் தாருக்கடியில் மறையத் தொடங்கியிருந்தன. அவற்றைக் காக்கும் நோக்குடன் 1997இல் 'லெரோயிகா' என்னும் மிதிவண்டிப் பயணம் தொடங்கப்பட்டது. பழைய மிதிவண்டிகளில் ஆயிரக்கணக்கானோர் வரலாயினர். சாலைகளுக்கு மதிப்பு கூடியது. புழக்கமே பாதைக்குக் காவல் என்பது அங்கு கண்ட உண்மை.

நம் வண்டிப்பாதைகளோ வண்டிகள் அருகியதும் வயலோடும் வீட்டுமனையோடும் கலந்து வருகின்றன. எஞ்சிய மண்டபங்களையும் இடைப்பட்ட தடங்களையும் மிதிவண்டியில் சென்று வரைபடத்தில் குறிப்பது உள்ளூர் இளைஞர்களால் இயலக்கூடியதே. மண்டபம் இடிந்தால் கல்லாவது கிடக்கும். பாதையை உழுதுவிட்டால் சுவடும் எஞ்சாது.