வெள்ளைக் கொடிக்கு வழிகாட்டிய வரைபடம்

2021 ஜூன் இறுதியில் நாட்டில் வெள்ளைக் கொடி இயக்கம் பரவியது. சமைக்க ஒன்றுமில்லை என்றால் வாசலில் வெள்ளைத் துணி கட்டினால் போதும். யாரிடமும் கூச்சப்பட்டுக் கேட்க வேண்டியதில்லை. ஆனால், அடுக்குமாடியின் பத்தாவது மாடியில் தொங்கும் துணி யார் கண்ணில் படும்? ஜூலை 3 முதல் சிலாங்கூரின் பெரும்பகுதியிலும் கோலாலம்பூரின் சில இடங்களிலும் கட்டுப்பாடு இறுகியதால், தெருவில் நடமாட்டமும் குறைந்தது.

அக்காலத்தில் வந்த ‘சம்பல் எஸ்ஓஎஸ்’ செயலி அந்தக் கொடியைக் கைப்பேசி வரைபடத்தில் ஏற்றியது. உதவி கேட்டவர் தம் இருப்பிடத்தைக் குறித்தபோது, அருகில் இருந்தவருக்குத் தெரிந்தது. உணவு வங்கிகளையும் அதிலேயே தேட முடிந்தது. முகம் தெரியாதவரும் பார்ப்பார் என்பது சிலருக்குத் தயக்கம்தான்.

அதே ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில், ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் சிக்கியவர்கள் வாட்ஸ்அப்பில் இருப்பிடத்தை அனுப்பிவிட்டுப் படகுக்காகக் காத்திருந்தனர்.