மொல்டோவா: வெளியேறாத இராணுவம்

1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்து பிறந்த நாடுகளில் மொல்டோவாவைத்தான் நான் அடிக்கடி தேடி வாசிப்பேன். டினீஸ்டர் ஆற்றின் கிழக்குக் கரை பிரிந்துபோக முயன்றதில் 1992இல் போர் மூண்டது. அங்கே நிலைகொண்டிருந்த ரஷ்யாவின் 14ஆவது படை பிரிவினையாளர் பக்கம் இறங்கியது. ஜூலையில் போர்நிறுத்தம். அந்தச் சொல்லை நம்பி ஏமாந்தவர்களுக்கு அடுத்தது விளங்கும்: படை போகவில்லை.

1999 இஸ்தான்புல் மாநாட்டில், 2002 முடிவதற்குள் வெளியேறுவதாக ரஷ்யா ஒப்புக்கொண்டது. இன்னமும் சுமார் 1,500 படையினர் அங்கே நிற்கிறார்கள். கொபாஸ்னா ஆயுதக் கிடங்கைக் காப்பதாகவும் ஒரு காரணம் சொல்கிறார்கள்.

2025 ஜனவரி 1, உக்ரேன் ஊடான எரிவாயு ஒப்பந்தம் முடிந்தது. வேறு பாதை இருந்தும், மொல்டோவாவின் கடனைக் காட்டி ரஷ்யா அனுப்பவில்லை. சூடும் சுடுநீரும் நின்றுபோனது, ரஷ்யா பாதுகாப்பதாகச் சொல்லும் அதே கிழக்குக் கரை வீடுகளில்தான்.