இழுப்பதும் நிறுத்துவதும்

ஆற்றல் மிக்க மோட்டார் வண்டியொன்று மற்றொரு வண்டியை இழுத்துச் செல்ல முதற்கண் வேண்டுவது யாது? வலிய எஞ்சின் என்பீர்கள். அன்று, தக்க பிரேக்கே முதன்மையானது. இவ்வுண்மையை நம் தேர்கள் முன்னரே கற்பித்தன.

கீழ்பென்னாத்தூரிலிருந்து சிறுவனாய்த் திருவண்ணாமலைத் தேர் காணச் சென்ற நான், சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டை இடுவோரையே அச்சத்துடன் நோக்கி நிற்பேன். வடம் பிடிப்போர் பல்லாயிரவர், நிறுத்துவோரோ சிலரே. கை தவறின் உயிருக்கே கேடு.

1948-க்குப் பின் ஓடாதிருந்த திருவாரூர் ஆழித்தேர், 1970-இல் மீண்டும் ஓடியது. திருச்சிப் பாரத மிகுமின் நிறுவனத்தார் அதற்கு இரும்பு அச்சும் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தினர். முட்டுக்கட்டை இடுவோரின் சுமை குறைந்தது, மரபோ குன்றவில்லை. ஓடத் தொடங்குமுன் நிற்கும் வகையை எண்ணுவதே அறிவுடைமை.