சென்னையின் பருவமழை உச்சங்களும் வட்டாரக் காலநிலை மாதிரிகளும்

வட்டாரக் காலநிலை மாதிரி என்பது, ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதியைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, அதன் காற்று, வெப்பம், ஈரப்பதம், மழை ஆகியவற்றை இயற்பியல் விதிகளின்படி கணினியில் கணக்கிடும் முறையாகும். பருவமழை அளவுக்கு மீறிப் பெய்வதற்கும் பொய்த்துப் போவதற்கும் உரிய காரணங்களை ஆராய இது பயன்படுகிறது. சென்னை தன் ஆண்டு மழையில் பாதிக்கும் மேலானதை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெறுவதால், இவ்வாய்வு இந்நகருக்கு மிகவும் இன்றியமையாதது.

பதிவுகளின் வரலாறு

நுங்கம்பாக்கத்தில் 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி வானாய்வகம் ஒன்றை அமைத்தது. அதன் வழிவந்த மழைப் பதிவுகள் இந்தியாவிலேயே மிகப் பழமையானவற்றுள் அடங்கும். 1918 நவம்பரில் இங்கு 1,088 மி.மீ. மழை பெய்தது. 1976 நவம்பர் 24-25இல் ஒரே நாளில் 45 செ.மீ. கொட்டி, அடையாற்றில் வெள்ளம் கரை கடந்தது. 2015 நவம்பரில் 1,049 மி.மீ. பதிவானது. இதற்கு நேர்மாறாக, 2018ஆம் ஆண்டின் பருவமழை குறைந்ததால் 2019 கோடையில் நகரின் குடிநீர் ஏரிகள் வறண்டன.

மாதிரிகளின் வளர்ச்சி

உலகக் காலநிலை மாதிரிகள் பலவற்றின் கட்டங்கள் ஏறத்தாழ நூறு கிலோமீட்டரோ அதற்கும் மேலோ அகலமானவை. அவற்றில் கடற்கரையும் மலைத்தொடரும் தெளிவாக அமைவதில்லை. 1980களின் இறுதியில் அமெரிக்காவில் டிக்கின்சன், ஜியோர்ஜி முதலிய அறிஞர்கள், உலக மாதிரி தரும் மதிப்புகளை எல்லைகளில் கொடுத்து, உள்ளே நுண்ணிய மாதிரியை இயக்கும் முறையை உருவாக்கினர். நாட்டுப் படத்தில் புள்ளியாகத் தெரியும் ஊர், மாவட்டப் படத்தில் ஏரியும் சாலையுமாகத் தெரிவதை இதற்கு ஒப்பிடலாம்.

பிரிட்டனின் ஹேட்லி மையம் உருவாக்கிய 'பிரெசிஸ்' என்னும் மாதிரியைக் கொண்டு, புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் 50 கி.மீ. கட்டங்களில் இந்தியாவுக்கான எதிர்காலக் கணிப்புகளை 2006இல் வெளியிட்டது. பின்னர் கிண்டியிலுள்ள அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே மாதிரியைத் தமிழ்நாட்டுக்கு 25 கி.மீ. கட்டங்களில் பயன்படுத்தினர்.

2015ஆம் ஆண்டின் கேள்வி

2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்ட நீருடன் பிற ஏரிகளின் உபரிநீரும் அடையாற்றில் சேர்ந்தது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், அடையாறு பகுதிகளில் வீடுகள் மூழ்கின.

இம்மழைக்குப் புவி வெப்பமாதல் காரணமா என்பதில் ஆய்வுகள் ஒரே விடையைத் தரவில்லை. வான் ஓல்டன்போர்க் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வு, ஒருநாள் பெருமழையில் வெப்பமாதலின் தாக்கம் தென்படவில்லை என்றது. காற்றில் மிதக்கும் மாசுத் துகள்கள் வெப்பமாதலை ஈடுசெய்திருக்கலாம் எனவும் கருதியது. 2018இல் வெளியான போயஜ், அசோக் குழுவினரின் ஆய்வு, 25 கி.மீ. கட்டங்கள் கொண்ட வட்டார மாதிரியில் வங்கக் கடலின் வெப்பநிலையை மாற்றி மாற்றி இயக்கிப் பார்த்தது. மழையின் தீவிரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எல் நினோவாலும், ஏறத்தாழ அதே அளவு வங்கக் கடல் தொடர்ந்து சூடாகி வருவதாலும் நேர்ந்தது என அது கண்டது. முதல் ஆய்வு, இத்தகைய மழையின் வாய்ப்பு கூடியுள்ளதா என்று கேட்டது. இரண்டாவது, அந்த ஒரு மழையை வலுவாக்கியது எது என்று கேட்டது. கேள்விகள் வேறானதால் விடைகளும் வேறுபட்டன.

வரம்புகள்

25 கி.மீ. கட்டம் ஒன்றின் பரப்பு 625 சதுர கி.மீ.; சென்னை மாநகராட்சியின் பரப்போ 426 சதுர கி.மீ. மட்டுமே. எனவே மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு மூன்றும் ஒரே கட்டத்துக்குள் அடங்கி, ஒரே சராசரி மழையைப் பெறக்கூடும். சுமார் 20 கி.மீ. இடைவெளியில் பதிவான 29, 49 செ.மீ. வேறுபாட்டை இத்தகைய மாதிரி காட்ட இயலாது. 2021 டிசம்பர் 30 அன்று மயிலாப்பூர் உள்ளிட்ட பகுதிகளில் முன்னறிவிப்பின்றிப் பெய்த பெருமழை, நாளன்றாட வானிலைக் கணிப்பிலும் இச்சிக்கல் உண்டு என்பதை உணர்த்தியது.

மேலும், மாதிரி மழையைக் கணிக்கிறதே தவிர வெள்ளத்தை அன்று. தியாகராய நகர், 'லாங் டேங்க்' எனப்பட்ட நீண்ட ஏரியைத் தூர்த்து 1920களில் உருவாக்கப்பட்டது. அங்கு நீர் தேங்குவதை அறிய, மாதிரியின் மழை அளவோடு நிலத்தின் சரிவும் கால்வாய்களின் கொள்ளளவும் சேர்த்துக் கணக்கிடப்பட வேண்டும்.

பயன்

மழைநீர் வடிகால்களின் அளவு, கடந்தகால மழைப் பதிவுகளைக் கொண்டு முடிவுசெய்யப்படுகிறது. வங்கக் கடல் சூடாகிவரும் நிலையில் அந்தப் பதிவுகள் மட்டும் போதுமா என்பதைச் சோதிக்க வட்டார மாதிரிகள் உதவுகின்றன. ஒரே மாதிரியை நம்பாமல், பல மாதிரிகளின் முடிவுகளை நுங்கம்பாக்கத்தின் நெடுங்காலப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பயன்படுத்துவதே ஏற்ற முறையாகும்.